படுத்தால் தூக்கம் வரவில்லையா? மாத்திரைக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை

உடல்நலம், மனநலம் இரண்டும் சந்திக்கும் இடம் தூக்கம். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இதில் ஆராய்ச்சி வேகமாக நகர்ந்திருக்கிறது. அதைவிட வேகமாகக் கடைச்சரக்கும் பெருகியிருக்கிறது: மிட்டாய் போல மெல்லும் ‘கம்மி’, தூக்கத்தை அளக்கும் வாட்ச், வாயில் ஒட்டும் டேப். எது எதற்கு உதவும், எது வெறும் செலவு என்பதைக் கேள்வி பதிலாகத் தருகிறோம்.

தினமும் எட்டு மணி நேரம் தூங்கியே ஆகவேண்டுமா?

இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் கூடி எடுத்த முடிவு, பெரியவர்களுக்கு 7 மணி நேரம் அல்லது அதற்கு மேல் என்பதுதான். எட்டு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர்களுக்கே பெரும்பாலும் தூக்கம் கெடுகிறது. ஆறே முக்கால் மணி நேரம் தூங்கி, பகல் முழுக்கத் தெளிவாக இருக்கிறவருக்குச் சிகிச்சை எதுவும் வேண்டாம்.

இப்போது அதிகம் பேசப்படுவது நேர ஒழுங்கு. பிரிட்டனில் 60,000-க்கும் மேற்பட்டோரின் கையில் ஒரு வாரம் கருவி கட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2024-இல் அச்சில் வந்தது. எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பதைவிட, தினமும் ஒரே நேரத்தில் தூங்கி எழுந்தார்களா என்பதே அகால மரண வாய்ப்பை நன்றாகக் காட்டியது. உடம்பு சரியில்லாதவருக்கு நேரம் தாறுமாறாவது இயல்பு. ஆகவே இதைக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும், எழும் நேரத்தை நிலைப்படுத்தக் காசு செலவில்லை.

ஒன்றிரண்டு நாள் தூங்காவிட்டால் அது நோயா?

பரீட்சை, கல்யாணம், துக்கம் என்று சில நாள் விழித்திருப்பது நோயல்ல. வாரத்தில் 3 இரவாவது தூக்கம் வராமலோ, நடுவில் கலைந்தோ, விடியுமுன் விழிப்பு வந்தோ தொல்லைப்பட்டு, அது 3 மாதம் நீடித்து, பகல் வேலையையும் கெடுத்தால் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். தூங்க நேரமும் வசதியும் இருந்தும் தூக்கம் வராததே இதன் அடையாளம். நள்ளிரவு வரை வேலை பார்த்துவிட்டு நாலரைக்கு எழுபவருக்கு இருப்பது தூக்கமின்மை அல்ல, நேரமின்மை. அவருக்குக் கீழே சொல்லும் முறை பொருந்தாது.

பிரச்சினை தீர்ந்த பிறகும் தூக்கம் திரும்பாதது ஏன்?

ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் தந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. சிலருக்கு இயல்பிலேயே மெல்லிய தூக்கம். அதன் மேல் ஒரு அதிர்ச்சி வந்து விழுகிறது. அதை ஈடுகட்ட நாம் செய்யும் காரியங்கள்தான் நோயை நிரந்தரமாக்குகின்றன: சீக்கிரமே போய்ப் படுப்பது, விடிந்த பிறகும் புரண்டுகொண்டிருப்பது, மதியம் இரண்டு மணி நேரம் கண்ணயர்வது, படுக்கையிலேயே போன் பார்ப்பது.

தூக்கப் பசியும் வயிற்றுப் பசி போலத்தான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது ஏறுகிறது. ஒன்பது மணிக்கே போய்ப் படுப்பது பசிக்காத நேரத்தில் இலை போட்டு உட்காருவதற்குச் சமம். மாதக்கணக்கில் இப்படிப் போனால் படுக்கையைக் கண்டதுமே மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிடும். டிவி முன்னால் சொக்கி விழுகிறவர், படுக்கையில் சாய்ந்ததும் பளிச்சென்று விழிப்பது இதனால்தான்.

சிபிடி-ஐ என்கிறார்களே, அது என்ன?

தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 4 முதல் 8 அமர்வுகள். படுக்கை நேரத்தைச் சுருக்குதல், படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் ஒதுக்குதல், தூக்கம் பற்றிய பயங்களைச் சரிபார்த்தல் ஆகியவை இதன் உறுப்புகள். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல், நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் இதுவே முதல் சிகிச்சை என்றது. 2017-இலும் 2023-இலும் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல்களும் அப்படியே சொல்கின்றன.

பயிற்சி பெற்ற நிபுணர்கள் குறைவு என்பதே இதன் பெரிய குறை. அதற்கு விடைதேடி இங்கிலாந்தில் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் லான்செட் இதழில் வந்தது. 642 பேர். சாதாரணச் செவிலியர்களுக்குச் சுருக்கமான பயிற்சி தந்து, படுக்கை நேரச் சுருக்கத்தை மட்டும் 4 அமர்வுகளில் சொல்லித்தர வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து, வெறும் ஆலோசனைத் தாள் பெற்றவர்களைவிட இவர்களின் தூக்கமின்மை தெளிவாகக் குறைந்திருந்தது. சிகிச்சையின் பல உறுப்புகளில் எது கனமானது என்பதற்கு இது நல்ல சான்று.

படுக்கை நேரத்தை எப்படிச் சுருக்குவது? கணக்கோடு சொல்லுங்கள்.

முதலில் ஒரு நோட்டு. 7 நாள், முடிந்தால் 14 நாள், காலையில் எழுந்ததும் நான்கே விவரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தூங்க எவ்வளவு நேரமானது, நடுவில் மொத்தம் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், எப்போது படுக்கையை விட்டு எழுந்தீர்கள். மனக்கணக்கு போதும். இரவில் கடிகாரம் பார்த்துக் குறிக்கக் கூடாது. அதுவே தூக்கத்தைக் கெடுக்கும்.

ஒருவர் 9.30-க்குப் படுத்து 6.30-க்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படுக்கையில் 9 மணி நேரம். தூங்கியது சராசரி 5 மணி 40 நிமிடம். தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 63 வரும். இதுதான் தூக்கத் திறன். நல்ல தூக்கத்தில் இது 85-க்கு மேல் இருக்கும்.

அடுத்து எழும் நேரத்தை நிச்சயிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து ஏழு நாளும் தாங்கக்கூடிய நேரமாக, 5.30 என்று வைப்போம். உண்மையில் தூங்கும் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாக 6 மணி என்று முழுமையாக்கிப் பின்னோக்கி எண்ணினால் படுக்கும் நேரம் 11.30. அதற்கு முன் படுக்கை பக்கமே போகக் கூடாது. 11.30 ஆகியும் தூக்கம் சொக்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் படுங்கள். எழுவது மட்டும் 5.30-தான். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் இந்த இடைவெளியை 5 மணி நேரத்துக்குக் கீழே இறக்கக் கூடாது.

ஒரு வாரம் கழித்து மறுபடி கணக்கு. தூக்கத் திறன் 85 அல்லது அதற்கு மேல் வந்தால் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். 80 முதல் 84 என்றால் அப்படியே விடுங்கள். 80-க்குக் கீழே போனால் 15 நிமிடம் குறையுங்கள். மேலே சொன்னவர் முதல் வாரம் 6 மணி நேரத்தில் 5 மணி 20 நிமிடம் தூங்கினால் திறன் 89. படுக்கும் நேரம் 11.15 ஆகிறது. அடுத்த வாரம் 6 மணி 15 நிமிடத்தில் 5 மணி 50 நிமிடம் தூங்கினால் 93. இனி 11.00. இப்படியே, பகலில் களைப்பில்லாத நீளம் வரும்வரை ஏற்றிக்கொண்டு போவது.

ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி அலறும் இரவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது உங்கள் தூக்கத்தின் தவறல்ல.

எங்கே சறுக்குகிறது?

முதல் இரண்டு வாரம் களைப்பு கூடும், எரிச்சல் வரும். பலர் நான்காம் நாளே விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் களைப்புதான் மருந்து. அது சேர்ந்தால்தான் படுத்ததும் தூக்கம் இழுக்கும்.

இரண்டாவது சறுக்கல், இரவு 9 முதல் 11.30 வரை. சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தால் அரை மணி நேரம் கண் மூடிவிடும், அன்றைய தூக்கப் பசியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். அந்த நேரத்துக்கு உட்கார்ந்தோ நின்றோ செய்யும் வேலை வேண்டும்: துணி மடிப்பது, மறுநாளுக்குக் காய் நறுக்குவது, இட்லிப் பாத்திரம் கழுவுவது. மூன்றாவது, ஞாயிறு காலை. வாரம் முழுக்கக் கட்டிய ஒழுங்கை எட்டரை மணித் தூக்கம் ஒன்று கலைத்துவிடும்.

யார் இதைத் தானாகச் செய்யக் கூடாது?

இருமுனை மனநோய் உள்ளவர்கள் (தூக்கம் குறைந்தால் மிகையெழுச்சி, அதாவது கட்டுக்கடங்காத உற்சாக நிலை, கிளம்பலாம்), வலிப்பு நோயாளிகள், தூக்கத்தில் எழுந்து நடப்பவர்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் மூச்சுத்தடைக்குச் சிகிச்சை எடுக்காதவர்கள், விழுந்து எலும்பு முறியும் ஆபத்துள்ள முதியவர்கள், கர்ப்பிணிகள். லாரி, பஸ் ஓட்டுபவர்களும் உயரத்தில் வேலை செய்பவர்களும் மருத்துவரின் கண்காணிப்பில்லாமல் தொடங்கக் கூடாது. மற்றவர்களும் முதல் இரண்டு வாரம் இரவு நேர பைக் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

நடு இரவில் விழித்துவிட்டால்?

சுமார் 15, 20 நிமிடம் ஆனதாகத் தோன்றினால் எழுந்து வேறு இடத்துக்குப் போங்கள். மங்கலான வெளிச்சத்தில் சலிப்பூட்டும் எதையாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். ஒரே இரவில் நான்கு முறை ஆனாலும் அப்படித்தான். 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த முறை இது. படுக்கை என்றாலே தூக்கம் என்று மூளைக்கு மறுபடி பழக்குவது நோக்கம்.

‘வீடே ஒரு ஹால்தான், எங்கே போவது?’ என்று கேட்பீர்கள். இடம் மாறுவதைவிட நிலை மாறுவது முக்கியம். பாயில் படுப்பவர் பாயை விட்டு எழுந்து சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். இந்த விஷயத்தில் கட்டிலைவிடப் பாய் மேல்: காலையில் சுருட்டி வைத்துவிட்டால் பகலில் அதில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவோ போன் நோண்டவோ வழியில்லை.

மறுநாள் வேலைகள் தலைக்குள் சுற்றுகிறதென்றால், படுக்கும் முன் 5 நிமிடம் அவற்றைத் தாளில் வரிசையாக எழுதுங்கள். 2018-இல் 57 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில், அப்படி எழுதியவர்கள் முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். ‘வீட்டைச் சுத்தம் செய்வது’ என்று பொதுவாக எழுதாமல், எந்த அலமாரி என்றே எழுதுங்கள். விரிவாக எழுதியவர்களுக்குத்தான் பலன் கூட.

தூக்கம் சரியானால் மனச்சோர்வும் குறையுமா?

முன்பு தூக்கமின்மையை மனச்சோர்வின் நிழல் என்று மட்டும் நினைத்தார்கள். இப்போது அது இருவழிப் பாதை என்று தெரிந்திருக்கிறது. 60 வயதைக் கடந்த, தூக்கமின்மை உள்ள, அப்போது மனச்சோர்வு இல்லாத 291 பேரை அமெரிக்காவில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சிபிடி-ஐ, இன்னொன்றுக்கு நல்ல தூக்கப் பழக்கங்கள் பற்றிய பாடம். மூன்றாண்டுக்குள் பாடம் மட்டும் கேட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு வந்தது, சிபிடி-ஐ எடுத்தவர்களில் 12 விழுக்காடுதான். 2022-இல் வெளியானது. ‘இருட்டறை, இளஞ்சூட்டுப் பால், செல்போன் வேண்டாம்’ என்ற வழக்கமான அறிவுரை ஏன் போதாது என்பதும் இதில் தெரிகிறது.

ஆனால் மனச்சோர்வே கடுமையாக இருந்தால் தூக்கச் சிகிச்சை மட்டும் போதாது. வாழ்வதில் பிடிப்பில்லை என்ற எண்ணம் எழுந்தால் காத்திருக்க வேண்டாம். மனநல உதவிக்கு இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் இலவசமாகப் பேசலாம்.

என் வாட்ச் தூக்கத்துக்கு 62 மதிப்பெண் தருகிறது. கவலைப்பட வேண்டுமா?

மணிக்கட்டுக் கருவிகள் தூங்கும் நேரத்தை ஓரளவு சரியாகப் பிடிக்கின்றன. அசையாமல் விழித்துக் கிடப்பதையும் தூக்கம் என்றே எண்ணிவிடுகின்றன. ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரித்துக் காட்டும் வண்ணப்படத்தை இன்னும் குறைவாக நம்ப வேண்டும். மூளை அலையை அளக்காமல் அசைவும் இதயத்துடிப்பும் வைத்துப் போடும் கணக்கு அது. சிகாகோ ஆய்வாளர்கள் 2017-இல், கருவியின் மதிப்பெண்ணைத் துரத்தியே தூக்கம் கெட்டவர்களைப் பற்றி எழுதி, அதற்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயரும் வைத்தார்கள். காலையில் தெம்பாக எழுந்து, வாட்ச்சைப் பார்த்ததும் சோர்ந்து போகிறவரானால், இரவில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

மெலடோனின் கம்மி சாப்பிடலாமா?

மெலடோனின் தூங்க வைக்கும் மருந்தல்ல, ‘இருட்டிவிட்டது’ என்று உடம்புக்குச் சொல்லும் சமிக்ஞை. நேர மண்டலம் தாண்டிய விமானப் பயணத்துக்கும், இரவு 3 மணிக்குத்தான் தூக்கம் வரும் அளவுக்கு உடல் கடிகாரம் பின்தங்கியவர்களுக்கும் உதவுகிறது. சாதாரணத் தூக்கமின்மைக்கு இதைத் தர வேண்டாம் என்பதே அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2017 பரிந்துரை.

கம்மியில் இன்னொரு சிக்கல், அளவு. அமெரிக்காவில் 25 கம்மி வகைகளைச் சோதித்து 2023-இல் வெளியிட்ட முடிவில் 22 வகைகளின் லேபிள் தவறாக இருந்தது. ஒன்றில் மெலடோனினே இல்லை. மற்றவற்றில் லேபிளில் போட்டதில் 74 முதல் 347 விழுக்காடு வரை. பிள்ளைகள் மிட்டாய் என்று அள்ளித் தின்றுவிடக்கூடிய பொருள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மக்னீசியம்? வாயில் டேப்?

மக்னீசியத்துக்குக் கிடைத்திருக்கும் சான்று மெலிது. உடலில் குறைபாடு இல்லாதவருக்குப் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் தொடவே கூடாது. டேப் விஷயம் அதைவிட மோசம். மூக்கு அடைத்தவரோ மூச்சுத்தடை உள்ளவரோ வாயையும் ஒட்டிக்கொண்டால் காற்றுக்கு வழியேது?

காபி, டீ எத்தனை மணியோடு நிறுத்துவது?

காபி, டீயில் உள்ள காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரி 5 மணி நேரம். ஆளுக்கு ஆள் 2 முதல் 10 மணி வரைகூட மாறும். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் நீளும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவதாக 2013 ஆய்வு காட்டியது. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 கையேட்டின்படி 150 மில்லி டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது அது. நடைமுறையில், தூக்கம் கெட்டவர் மதியம் 2 மணியோடு காபியை நிறுத்தி இரண்டு வாரம் பார்க்கலாம். ‘ராத்திரி காபி குடிச்சாலும் நான் நல்லா தூங்குவேன்’ என்பவரின் தூக்கம் பெரும்பாலும் ஆழம் குறைந்திருக்கும். அவருக்கு அது தெரிவதில்லை.

செல்போனின் நீல ஒளிதான் காரணமா? கண்ணாடி போட்டால் சரியாகுமா?

ஒளியின் பங்கு நாம் நினைத்ததைவிடச் சிறியது. ஓர் ஆய்வில், படுக்கும் முன் 4 மணி நேரம் முழு வெளிச்சத்தில் திரையில் படித்தவர்கள், அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிட 10 நிமிடம் தாமதமாகத்தான் தூங்கினார்கள். நீல ஒளி வடிகட்டும் கண்ணாடி தூக்கத்துக்கு உதவுமா என்பதற்கு உறுதியான விடை இல்லை என்றது 2023-இன் காக்ரேன் தொகுப்பாய்வு. உண்மையான கேடு, ‘இன்னும் ஒரே ஒரு ரீல்ஸ்’ என்று ஒன்றரை மணி நேரம் கரைவதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பார்த்த சண்டையோடு படுப்பதும்தான். போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டு, அலாரத்துக்கு நூறு இருநூறு ரூபாய்க் கடிகாரம் ஒன்று வாங்கிவிடுங்கள்.

குறட்டை விடுகிறவர் நன்றாகத்தானே தூங்குகிறார்?

அப்படித் தோன்றும். பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம், மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம் ஆகியவை மூச்சுத்தடையின் அறிகுறிகள். கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல் என்றால் சந்தேகம் கூடும். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 5 முதல் 14 தடைகள் லேசானது, 15 முதல் 29 நடுத்தரம், 30-உம் அதற்கு மேலும் கடுமை. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியே இன்னும் முதன்மைச் சிகிச்சை. உடல் எடை குறைக்கும் டிர்செபடைடு ஊசியை, பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு அமெரிக்க மருந்துத் துறை 2024 டிசம்பரில் அனுமதித்தது. இந்த நோய்க்கு அனுமதி பெற்ற முதல் மருந்து அது. மூச்சுத்தடை இருப்பது தெரியாமல் தூக்க மாத்திரை போட்டால், திணறி விழித்துக்கொள்ளும் தற்காப்பும் மங்கிவிடும்.

படுத்ததும் கால் குடைகிறது, அசைத்தால்தான் நிம்மதி. இதுவும் தூக்கமின்மையா?

இல்லை, இது ஓய்வற்ற கால் நோயாக இருக்கலாம். உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆய்வக அறிக்கையில் ‘நார்மல்’ என்று போட்டிருந்தாலும், இந்த நோய்க்கு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து தருவது பற்றி மருத்துவர் யோசிப்பார். ரத்தசோகை மலிந்த நம் ஊர்ப் பெண்களில் இது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

பல வருடமாக அல்பிரஸோலம் என்ற தூக்க மாத்திரை போடுகிறேன். நிறுத்திவிடலாமா?

சட்டென்று நிறுத்தாதீர்கள். தூக்கம் முன்பைவிட மோசமாகும், நடுக்கம் வரும், வலிப்பு வரைகூடப் போகலாம். 2025-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைப்பதில் தொடங்கச் சொல்கிறது. மருத்துவரோடு சேர்ந்து செய்யவேண்டியது அது. கூடவே சிபிடி-ஐ செய்தால் விடுவது எளிதாகிறது. இந்தியாவில் இது மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்கவேண்டிய எச்-1 பட்டியல் மருந்து. சீட்டில்லாமல் எடுத்துக்கொடுக்கும் மெடிக்கல் ஷாப் உங்களுக்கு நன்மை செய்யவில்லை.

புதிய வகை மாத்திரைகள், சுவோரெக்சன்ட், டாரிடோரெக்சன்ட் போன்றவை, மூளையை மயக்குவதற்குப் பதிலாக விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சின் என்ற மூளை வேதிப்பொருளை மறிக்கின்றன. சார்புநிலை ஆபத்து குறைவு, விலை அதிகம். இவையும் படுக்கையோடு பழகிப்போன விழிப்பை மாற்றுவதில்லை.

சரியாகி ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தால்?

வரும். காய்ச்சல், இடமாற்றம், வீட்டில் ஒரு சாவு என்று ஏதாவது நடந்தால் சில இரவுகள் கெடும். ஒரு இரவு கெட்டால் மறுநாள் சீக்கிரம் படுக்காதீர்கள், மதியம் தூங்காதீர்கள், வழக்கமான நேரத்துக்கே எழுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால் பழைய நோட்டை எடுத்து 7 நாள் எழுதி, அந்தக் கணக்குக்கு வரும் படுக்கும் நேரத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். முதல் தடவை ஆறு வாரம் எடுத்திருந்தாலும், இம்முறை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.